செய்யுளைப் பிரித்தலும் சேர்த்தலும்

செய்யுள் கற்பித்தலாவது யாது என வினவின், சொற்குப் பொருள் கூறுதல் என விடையிறுப்போர் பலர். பள்ளிச் சிறார்க்குப் பாட்டுக் கற்பிக்கும் வகுப்புகள் பலவற்றில் நிகழ்வதும் அதுவே. ஆசிரியர் செய்யுளை ஒருமுறை படிக்கிறார், சந்தி பிரிக்கிறார், அருஞ்சொற்குப் பொருள் எழுதுவிக்கிறார், பொழிப்புரை கூறி முடிக்கிறார். மாணாக்கர் தேர்வின்பொருட்டு அப்பாட்டை நெட்டுருச் செய்து, அடிபிறழாமல் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். இங்ஙனம் செய்யப்படுவன எல்லாம் வேண்டுவனவே. ஆயினும் செய்யாது விடப்படுவது ஒன்றுண்டு. பிரித்த செய்யுளை மீட்டும் சேர்த்து, மாணாக்கன் செவிக்கும் நாவுக்கும் உரியதாக்குதலே அது.

பண்டை ஏட்டுச்சுவடிகளிற் செய்யுளும் உரைநடைபோலவே இடம் விடாது தொடர்ந்து எழுதப்பட்டது. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. அவற்றைப் படிப்பார்க்குச் சீர் இது, அடி இது எனக் காட்டி நின்றது ஓசையே. வெண்பாவின் செப்பலோசையும் ஆசிரியப்பாவின் அகவலோசையும் செவியிற் பதியாதவன் ஏட்டைக் கையிலெடுத்துப் பயன் பெறுதல் அரிதாயிருந்தது. அச்சு வந்தபின் அடியும் சீரும் கண்ணாற் காணுமாறு வகுக்கப்பட்டன. அதன்மேலும் ஒருபடி சென்று, 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்டார். புலவரல்லாதாரும் பெருநூல்களை அணுகுதற்கு அப்பதிப்புகள் துணை செய்தன என்பதை எவரும் மறார். ஆயின் அவை ஆசிரியனின்றித் தாமே பயில்வாரை நோக்கி எழுந்தவை. புத்தகத்திற்குக் குரல் இன்மையின் அது பிரித்துக் காட்டுகிறது. வகுப்பிலோ ஆசிரியரின் குரல் உண்டு. அக்குரல் இருக்கவும், பிரித்த வடிவத்தையே பாட்டு என மாணாக்கன் கொள்ளுமாறு விடுதல் முறையாகாது.

பிரித்தலால் வரும் இழப்பு யாதெனின், ஓரிரண்டு சொற்களைக் கொண்டே காட்டலாம். ‘காடெங்கும்’ என்பது நேர் நேர் நேர் என அலகு பெற்றுத் தேமாங்காய்ச் சீராய் நிற்கும். அதனைக் ‘காடு எங்கும்’ எனப் பிரித்தெழுதின், குற்றியலுகரம் மீண்டு தோன்றி, ஒரு சீர் நின்ற இடத்தில் இரண்டு தேமாச்சீர் வந்து நிற்கும். நாற்சீரடி ஐஞ்சீரடியாய்க் கெடும். இனி, ஓரடி ‘பொற்குடம்’ எனவும், மற்றையடி ‘நற்குணம்’ எனவும் தொடங்குமாயின், இரண்டாமெழுத்தாகிய றகர ஒற்று ஒன்றி எதுகை இனிது அமையும். ‘பொன் குடம்’, ‘நல் குணம்’ எனப் பிரித்தவிடத்து னகரமும் லகரமும் வந்து, அவ்வெதுகை அழிந்தொழியும். பிரித்த வடிவையே உருப்போட்ட சிறுவன், புலவன் யாத்த பாட்டை உருப்போட்டான் அல்லன்.

“சிறார்க்குப் பொருள் விளங்கின் அமையும், ஓசை எற்றுக்கு?” என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? பொருள் ஒன்றே வேண்டுமாயின் உரைநடையே சாலும். செய்யுளைப் பாடமாக வைத்தல் மிகையாம். அன்றியும், ஒரு சொல் நினைவினின்று நழுவியவழி அதனை மீட்டுத் தருவன எதுகையும் மோனையுமே. அவற்றைப் பறித்துவிட்டு, மனப்பாடம் கடினம் என்று சிறாரைக் குறைகூறுதல் நேர்மையன்று.

இனி, இதற்கு மறுதலையான குறையும் உண்டு. திருமுறை பயிற்றுமிடங்களில் ஓதுவார் பாடச் சிறார் கேட்டு அங்ஙனமே பாடுவர். ஆண்டு ஓசை பழுதின்றி அமைகிறது. ஆயினும் பொருள் வினவப்படாதவழி, பாட்டு நாவளவில் நின்றுவிடும். ஒருசாரார் பிரித்ததைச் சேர்த்திலர். மற்றொருசாரார் சேர்ந்திருப்பதைப் பிரித்துக் காட்டிலர். இரண்டும் பாதிக் கல்வியே. ஞானநூல் பயில்வார்க்குக் கேட்டலை முதலாகவும் சிந்தித்தலை அதன்பின்னாகவும் சித்தாந்த நூலோர் வைத்த முறை ஈண்டும் ஒக்கும்.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்துள் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்து, ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் செவ்வனே கொண்டவழியும் கிடைப்பது காற்கூறே என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய இரு காற்கூறும் நிரம்பும் என்றும் வரையறுத்தனர். இன்றைய வகுப்பு முதற் காற்கூற்றோடு முற்றுப்பெறுகிறது. ஆதலின் ஆசிரியர், பொருள் கூறுமுன் செய்யுளைப் புத்தகம் மூடியிருக்க இருமுறையேனும் ஓசை குன்றாது படித்துக் காட்டுக. குரல் எங்கே நின்றது, எவ்வெழுத்து மீண்டும் ஒலித்தது எனச் சிறாரையே வினவுக. அதன்பின் சந்தி பிரித்துப் பொருள் கூறுக. இறுதியில், பிரித்த சொற்களைக் கொண்டு சிறாரே சீர்களைக் கூட்டி, ஒருவர்க்கொருவர் படித்துப் பொருளும் உரைக்குமாறு செய்க. ‘சேர்த்து எழுதுக’ என்னும் வினா தேர்வுத்தாளில் இருப்பினும், அது தனிச்சொல்லைச் சேர்ப்பிக்கிறதேயன்றிப் பாட்டைச் சேர்ப்பிப்பதில்லை.

காலம் போதாது என்னும் தடை எழலாம். பாட்டின் எண்ணிக்கையைக் குறைத்தேனும் இதனைச் செய்தல் தகும். பத்துச் செய்யுளைப் பிரித்த நிலையில் விட்டுச் செல்லும் சிறுவனினும், மூன்று செய்யுளைப் பொருளோடும் ஓசையோடும் உடையவன் செல்வமுடையான். பொழிப்புரை தேர்வு முடிந்த மறுநாளே மறக்கப்படுவது. ஓசையோடு பொருந்திய செய்யுளோ, பள்ளி மறந்த முதுமையினும், வேண்டியபொழுது தானே நாவில் வந்து நிற்கும். சிறார்க்கு அதனை அளித்தலே தமிழாசிரியர் கடனாம் என்க.