அதிவேகக் கற்றமரான்: வடிவமும் பயன்பாடும்

உல்லாச அதிவேகக் கற்றமரான்களைப் பற்றி எழுதுவோர் 'எதிர்காலத்துக்குரிய தோற்றம்' என்னும் தொடரைத் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். அழகியல் மதிப்பீடு போன்று ஒலிக்கும் இத்தொடர், உண்மையில் மதிப்பீட்டைத் தவிர்க்கவே பயன்படுகின்றது. வடிவம் எதன்பொருட்டு அவ்வாறு அமைந்தது என்ற வினா அதனால் எழாமலே போய்விடுகின்றது.

தஸ்மேனியாவின் ஹோபாட் நகரில் இன்கற் நிறுவனம் கட்டி 2013 இல் ஒப்படைத்த 'பிரான்சிஸ்கோ'வை எடுத்துக்கொள்ளலாம். புவனஸ் அயர்ஸுக்கும் மொன்ரிவிடியோவுக்கும் இடையிலான சேவைக்கென அமைந்த இக்கலம் 99 மீற்றர் நீளமுடையது. ஏறத்தாழ 1000 பயணிகளையும் 150 மோட்டார் வாகனங்களையும் ஏற்றவல்லது. பரீட்சார்த்த ஓட்டத்தில், குறைந்த சுமையுடன், மணிக்கு 58.1 கடல்மைல் வேகத்தை எட்டியது.

கத்திபோல் நீண்டு செல்லும் அதன் ஈருடல்களே பார்ப்போரைக் கவர்வன. அவை அலங்காரமல்ல. ஒடுங்கிய உடல் எழுப்பும் அலை சிறிதாகலின் நீரின் தடையும் குறைகின்றது. அத்தகைய உடல் தனித்து நிற்பின் எளிதிற் கவிழும். இரண்டினை அகலப் பிரித்து இணைக்கும்போதே உறுதி பிறக்கின்றது. நடுவே நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் மூன்றாவது முகப்பு, கடல் கொந்தளிக்கும்போது மாத்திரம் நீரைத் தொட்டு, முன்பகுதி அமிழாது தாங்குகின்றது. விந்தையாகத் தோன்றும் கோடுகளுக்கு இவ்வாறு காரணமுண்டு. துறைமுகத்திலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் தனியார் உல்லாசப் படகொன்றில் இதே முகப்பு இடம்பெறின் அது வெறும் ஒப்பனையே.

பெயர் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'கட்டுமரம்' என்ற தமிழ்ச்சொல், 1697 இல் வெளிவந்த டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கலத்தைக் குறித்து இடம்பெறுகின்றது. ஆயின் கட்டுமரம் மரங்களை வரிந்து கட்டிய மிதவை. குழிந்த உடலே அதற்கில்லை. ஈருடற் கலத்தைப் பெருங்கடலில் செலுத்தியோர் பொலினீசியர். பெயரை மாத்திரம் சான்றாகக் கொண்டு தமிழர் பெருமை பேசுவோர், பிறருக்குரிய புகழைத் தமதாக்கிக் கொள்கின்றனர்.

உள்ளே நோக்கின் நிலைமை வேறு. எடை குறைவதற்காக அலுமினியத்தாற் கட்டப்பட்ட கலத்தினுள் 1100 சதுர மீற்றர் பரப்பில் தீர்வையற்ற கடை விரிகின்றது. வேகம் மீட்டுத் தந்த நேரத்தைக் கடை வாங்கிக்கொள்கின்றது. அவ்வேகமும் மலிவானதன்று. செலுத்துவதற்கு வேண்டிய வலு பொதுவாக வேகத்தின் கனத்தை ஒட்டி உயரும். வேகம் இரட்டிப்பின் வலு ஏறத்தாழ எட்டு மடங்காதல் வேண்டும். 'பிரான்சிஸ்கோ'வுக்கு இரண்டு பெரும் வாயுச் சுழலிகள் தேவைப்பட்டமை இதனாலேயே.

இதே நிறுவனம் அதே ஆற்றுமுகத்துக்கென 2025 இல் நீரிலிறக்கிய 'சீனா சொரில்யா' மின்கலங்களால் இயங்குவது. 2100 பயணிகளுக்கு இடமுடையது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கடல்மைல் மாத்திரமே. வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தீர்வையற்ற கடையோ 2300 சதுர மீற்றராக இரட்டித்துள்ளது.