வாய்க்கால் கரையில் மூன்று பைக்குகள்

ஆஃப்ரோடு பைக் விளம்பரம் என்றாலே மலைப்பாதையும் பாறையும்தான். தரங்கம்பாடிப் பக்கம் பாறையே கிடையாது. சவுக்குத்தோப்பு மணல், மழை பெய்தால் வழுக்கும் களிமண் கரை, வழிநெடுக சீமைக் கருவேல முள் இவைதான் இங்கே சோதனை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 மூன்றையும் அதில்தான் ஓட்டிப் பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.

எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 825 மி.மீ. ஹிமாலயன் சீட்டைத் தாழ்த்தி வைத்தால் அதுவும் 825தான். ஷோரூம் தரையில் இரண்டிலும் முன்பாதம் ஊன்றுகிறது. வாய்க்கால் கரையில் நிலைமை வேறு. கரையின் நடு மேடு, இரு பக்கமும் சரிவு. டயர் மேட்டில் நிற்க, பாதம் அரை அடி கீழே தரையைத் தேடும். அதாவது 825 அங்கே 975 ஆகிவிடுகிறது. கால் எட்டுவதற்குள் வண்டி சாயத் தொடங்கும். 159 கிலோ எக்ஸ்பல்ஸைத் தொடையால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடலாம். 196 கிலோ ஹிமாலயன் பாதி சாய்ந்த பிறகு அதோடு மல்லுக்கட்டாமல் விட்டு விலகுவதே முழங்காலுக்கு நல்லது. குட்டையான ஆட்கள் சீட் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேஎல்எக்ஸின் சீட் 880 மி.மீ., எடையோ 139 கிலோதான். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒற்றைக் கால் ஊன்றப் பழகியவருக்கு மணலில் இதற்கு இணையில்லை. எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை இறுக்கி, எடையைப் பின்னுக்குத் தள்ளினால் 21 அங்குல முன்சக்கரம் மணலை உழாமல் மேலே மிதந்து போகிறது. ஆனால் டேங்கில் எட்டு லிட்டர்கூடப் பிடிக்காது. தினசரி வண்டியாக இதை யாருக்கும் சொல்லமாட்டேன்.

சென்னை வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு ஹிமாலயனின் 40 குதிரைத்திறனும் 17 லிட்டர் டேங்கும் பெரிய வசதி. அதை எடுப்பவர்கள் ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிடுங்கள். கருவேல முள் குத்தினாலும் சக்கரத்தைக் கழற்றாமல் அடைத்துவிடலாம். எக்ஸ்பல்ஸில் ட்யூப்தான், பஞ்சர் கிட் கையில் இருக்கட்டும். அதன் முன் மட்கார்டு உயரத்தில் இருப்பதால் களிமண் அப்பிச் சக்கரம் இறுகிக்கொள்வதில்லை. வயலும் தோப்பும் ஊருமாக அலைகிறவருக்கு என் தேர்வு எக்ஸ்பல்ஸ்தான்.

கடற்கரை மணலில் மட்டும் ஓட்ட வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. தோப்பு மணலில் ஓட்டினாலும் உப்புக்காற்று விடாது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடுங்கள்.

டெஸ்ட் ரைடு போகும்போது, தார்ச்சாலை ஓரம் மண் இறங்கியிருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றிப் பாருங்கள். அங்கே தாங்க முடியாத வண்டியைக் கரையிலும் தாங்க முடியாது.