ஃபிளாஷ் மறைந்த பின்

வலைத்தளத்தில் அசைபடம் காட்டும் வித்தை ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒரு கம்பெனியின் தனிச் சொத்தாக இருந்து, பிறகு எவருக்கும் உடைமையல்லாத பொதுத் தரங்களின் வசம் வந்து சேர்ந்த சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு விடுதலைக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். முடிவு நல்லது என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் தொழிற்பேட்டையும் வயற்காடும் அடுத்தடுத்துக் கிடக்கும் புதுச்சேரிச் சேதராப்பட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள், அவர்களுடைய ஆசிரியர் எதைச் செய்து காட்ட முடிகிறது என்று யோசிக்கிறவனுக்கு, அந்த விடுதலை பார்க்கிறவனுக்கு முழுதாகவும் படைக்கிறவனுக்குப் பாதியாகவும் கிடைத்ததாகவே தோன்றுகிறது.

1996இல் ஜோனதன் கே என்பவரும் அவருடைய சகாக்களும் ‘ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்’ என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருளை அவ்வாண்டின் இறுதியிலேயே மேக்ரோமீடியா கைப்பற்றி ஃபிளாஷ் ஆக்கியது. 2005இல் அந்த மேக்ரோமீடியாவையே அடோபி விலைக்கு வாங்கியது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபியே அதற்கு விடைகொடுத்தது. இடையில் அது அடைந்த செல்வாக்குக்குக் காரணம் உலாவியில் செருகி ஓட்டும் அதன் பிளக்-இன் அல்ல, அதன் பட்டறை. ஒரு பந்து விழுவதைக் காட்ட வேண்டுமானால், டைம்லைனின் முதல் கட்டத்தில் பந்தை உயரே வைத்து ஒரு கீஃப்ரேம், பத்தாவது கட்டத்தில் தரையில் வைத்து இன்னொரு கீஃப்ரேம் போட்டு, நடுவே ட்வீன் கொடுத்துவிட்டால், இடைப்பட்ட எட்டுப் படங்களையும் இயந்திரமே வரைந்துகொள்ளும். தரையில் பட்ட கணத்தில் பந்தைச் சற்றே சப்பையாக்கினால் அதற்கு ரப்பரின் சுபாவமும் வந்துவிடும். ஒரு வரி நிரல் எழுதத் தெரியாத ஓவிய ஆசிரியரும் இதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டார். மல்டிமீடியா கோர்ஸ் என்று பலகை மாட்டிய பயிற்சி நிலையங்கள் சின்ன ஊர்களிலும் தழைத்தது இந்தச் சௌகரியத்தால்தான். அவற்றில் அந்த மென்பொருளை அசல் விலை கொடுத்து வாங்கியவை எத்தனை என்று கேட்பது நாகரிகமாகாது. செய்து முடித்த பாடமோ ஒரே கோப்பு, ஒரு சி.டி.யில் ஏற்றி, இணையமே எட்டாத பள்ளிக்குக் கொண்டுபோய் ஓட்டலாம்.

குறைகளில் பிரதானமானதைத் தமிழனே நன்றாக அறிவான். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி தன் நினைவில் ககரமாகவும் ஓர் உயிர்க்குறியாகவும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்துகிறது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் ஃபிளாஷுக்கு, 2008இல் பத்தாம் பதிப்பு வரும்வரை, இந்தப் பிரித்து நிறுத்தும் வேலை தெரியாது. ஆகவே நம்மவர்கள் பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள்; அல்லது சொற்களை ‘பிரேக் அபார்ட்’ செய்து வெறும் கோடுகளாக உடைத்து வைத்தார்கள். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது கிறுக்கல். தேடுபொறி அதைப் படிக்காது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கருவி அதை உச்சரிக்காது, ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் மூலக் கோப்பு வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். இன்னொரு குறை, கடிவாளம் பிறர் கையில் இருந்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸுக்கான தனி ஃபிளாஷ் பிளக்-இன்னை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று 2012 பிப்ரவரியில் அடோபி அறிவித்தபோது, பொதுப் பணத்தில் கொடுத்த கருவியில் எது ஓடும், எது ஓடாது என்பதைக் கடல் கடந்த ஒரு கம்பெனி நிச்சயித்தது.

தீர்ப்பை எழுதியது கைப்பேசி. ஐபோனில் ஃபிளாஷ் ஒருநாளும் நுழையவில்லை. அதற்கான காரணங்களை ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். ஆண்ட்ராய்டுக்கான பதிப்பை அடோபி 2012 ஆகஸ்டில் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் உட்கிராமங்களிலும் இணையம் என்றால் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன் என்றான காலத்தில், ஃபிளாஷில் செய்த பாடம் எதுவும் அந்தத் திரையில் திறக்க வழியில்லாமல் போயிருந்தது. கம்ப்யூட்டர் வாங்காமலே இணையத்துக்கு வந்த இந்த ஜனங்களுக்குப் பொதுத் தரம் என்பது சித்தாந்த விஷயமல்ல; அது இல்லையேல் படமே இல்லை.

ஆயினும் பொதுத் தரங்களின் ஜாதகத்தையும் பார்க்க வேண்டும். கோடுகளாலான படத்தை எழுத்தாகவே எழுதிவைக்கும் எஸ்.வி.ஜி. 2001 செப்டம்பரிலேயே டபிள்யூ3சி என்னும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாகிவிட்டது; அதை மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஏற்றுக்கொண்டது 2011இல். அந்தப் பத்து ஆண்டுகளில் எஸ்.வி.ஜி.யைப் பார்க்க ஒரு பிளக்-இன் தந்து அதை ஆதரித்த கம்பெனி அடோபியேதான் என்பதும், ஃபிளாஷைச் சொந்தமாக்கிக்கொண்ட சில ஆண்டுகளில் அந்த ஆதரவை அது கைவிட்டதும் இந்த வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

தரம் நன்றாகப் பயன்பட்டதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த திருஷ்டாந்தம், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் அறிவியல் பாவனைப் படங்களின் தொகுதி. ஃபிளாஷிலும் ஜாவாவிலும் இருந்த படங்களை அவர்கள் வலையின் பொதுத் தரமான எச்.டி.எம்.எல்.5க்கு மாற்றியபோது, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கிவைத்து இணையமின்றி ஓட்டத்தக்க ஒற்றைக் கோப்பாகச் செய்தார்கள். சொற்களைப் படத்திலிருந்து பிரித்து வைத்ததால் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அவற்றைப் பெயர்க்கவும் முடிந்தது. 2023-24 கல்வியாண்டு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய புதுச்சேரி அரசுப் பள்ளிகளில், ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் விளக்கும் ஆசிரியருக்கு, மின்சுற்றின் பாகங்கள் தமிழ்ப் பெயரோடு திரையில் வருவது சாமானிய உதவியல்ல.

ஆனால் இதைச் சாதித்தவர்கள் சம்பளத்துக்கு நிரலர்களை வைத்துக்கொள்ள வசதியுள்ள ஒரு ஸ்தாபனத்தார். நம் ஓவிய ஆசிரியரின் நிலை வேறு. அவருடைய டைம்லைன் போயிற்று. அதற்குப் பதிலாக அவர் கையில் கொடுக்கப்பட்டவை சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், கேன்வாஸ் என்ற இலக்கண நூல்கள். எவரும் படிக்கலாம் என்பது மெய்தான். வரைகிறவர் நிரலராகாமல் அவற்றால் எழுத முடியாது என்பதும் மெய். தப்பித் தவறி எழுதினாலும், பல கோப்புகளாகச் சிதறிய பாடத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால், கணினியில் கிடக்கும் பக்கத்துக் கோப்பைப் படிக்கப் பாதுகாப்பு விதி இடம்தராது என்று உலாவி மறுத்துவிடுவதும் உண்டு. பழைய சி.டி. இந்தத் தொல்லையைக் கொடுத்ததில்லை.

பழைய பாடங்கள் அழிந்ததற்கும் முழுப் பழியை மூடிய வடிவத்தின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. ஃபிளாஷ் கோப்பின் விவரக்குறிப்பு பகிரங்கமாகவே கிடைத்தது. இன்று ரஃபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் அத்தகைய கோப்புகளில் பலவற்றைத் திறந்து காட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலிருந்து அதைக்கொண்டே பழைய படங்களை ஓட்டுகிறது. ஓடுகிற கோப்பைத் திருத்த முடியாமற்போவது, வேலை கொடுத்தவர்கள் முடித்த கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, அது பிறந்த எஃப்.எல்.ஏ. மூலத்தைக் கேட்டு வாங்காமல் விட்ட இடத்தில்தான். எச்.டி.எம்.எல்.5 ஒப்பந்தத்திலும், சுருக்கிக் குழப்பிய நிரலை மட்டும் பெற்றுக்கொண்டு பில்லுக்குக் கையெழுத்திட்டால் அதே கதிதான். தரத்தின் திறந்த மனம் ஒப்பந்தக்காரரின் அலமாரியைத் திறக்காது.

அதிகாரமும் முற்றாகக் கலைந்துவிடவில்லை. எஸ்.வி.ஜி.யின் அசைவு இலக்கணமான ஸ்மைலைக் கைவிடப்போவதாக 2015இல் குரோம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு அந்த எண்ணத்தை ஒத்திவைத்தது. எழுத்தில் உள்ள தரம் எதுவானாலும், செல்லுபடியாவது உலாவி செய்பவர் நடத்தித் தருவதுதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மூடிய கம்பெனி ஒன்று தன்னிச்சையாக ஒரு நாளைக் குறித்து எல்லாவற்றையும் நிறுத்துவதைவிட, வாதாடித் தடுக்கக்கூடிய இந்த ஏற்பாடு மேலானதென்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பரவலாகியிருக்கும் லாட்டி என்னும் அசைபடக் கோப்பு வடிவம், ஏர்பிஎன்பி 2017இல் வெளியிட்டது. அதன் கோப்பு எவரும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பு. அதை உண்டாக்கும் வழக்கமான வழியோ ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அதாவது மாதச் சந்தா கட்டி அடோபியிடமே வாங்க வேண்டிய மென்பொருள். டைம்லைனும் கீஃப்ரேமும் உள்ள சின்ஃபிக் இலவசமாகவே கிடைக்கிறது, அதிலிருந்து லாட்டிக் கோப்பும் எடுக்கலாம். ஆனால் நான் பார்த்த வரையில் நம் பக்கத்துப் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் அதன் பெயர் இன்னும் ஏறவில்லை.