அடங்கியவன் திருந்தியவனா?

'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' விளையாட ஆரம்பித்த புதிதில் என் சிறையில் ஒரு கைதி காவலர் ஒருவரைக் கொன்றுவிட்டான். அவன் விவரத்தைத் திறந்தேன். 'கொடியவன்', 'அச்சமற்றவன்' என்று முத்திரைகள். சரிதான், இவனை விட்டுவைத்தால் ஆகாது என்று தனிமை அறையில் போட்டேன். தாழ்வாரத்தில் ஆயுதக் காவலர்களை நிறுத்தினேன். சிறை அமைதியானது. எனக்கோ ரொம்ப சந்தோஷம்.

பிரிட்டனின் இன்ட்ரோவெர்ஷன் நிறுவனம் 2015-இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு இது. கைகால் இல்லாத பொம்மை உருவங்கள். ஆனால் அந்தப் பொம்மைகளுக்குப் பசி, தூக்கம், குடும்ப ஏக்கம் எல்லாம் உண்டு. அவை தீராமல் சேரும்போதுதான் கலவரம் வெடிக்கிறது. அதாவது, ஆபத்தில் பாதியை உருவாக்குவது சிறையைக் கட்டுகிற நாம்தான்.

இதில் நான் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. தனிமையும் துப்பாக்கியும் கைதியை 'ஒடுக்கப்பட்ட' நிலைக்குக் கொண்டுபோகும். அவன் வம்பு செய்வது குறையும். ஆனால் வகுப்பில் உட்கார வைத்தால் பாடம் சரியாக ஏறாது. அடங்கியவன் வேறு, திருந்தியவன் வேறு என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் ஒரு கணக்காகவே சொல்லிவிடுகிறார்கள். அது தெரிந்தும் நான் தனிமையைத்தான் தேர்ந்தெடுத்தேன். வகுப்பு நடத்தப் பணமும் பொறுமையும் வேண்டும், கதவைப் பூட்ட ஒரு சொடுக்கு போதும்.

விளையாட்டு தவறும் இடமும் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த முத்திரைகள் எங்கிருந்து வந்தன? கைதி வரும்போதே கூட வருகின்றன, ஒருபோதும் பொய்யாவதில்லை. நிஜச் சிறையில் 'ஆபத்தானவர்' என்று யாரோ ஒரு அதிகாரி எழுதுகிறார். அவர் தவறலாம், பயந்திருக்கலாம், பழிவாங்கலாம். எழுதியவரை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டினால், சந்தேகப்பட நமக்கு வழியே இல்லை.

அதே 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 'நெல்சன் மண்டேலா விதிகளை' ஏற்றது. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்கிறது அது. 27 ஆண்டுகள் சிறையில் இருந்த மண்டேலாவுக்கும் அவரை அடைத்த அரசு ஒரு முத்திரை வைத்திருந்தது. இந்த விளையாட்டில் அவர் வந்திருந்தால், அந்த முத்திரையைப் படித்துவிட்டு நான் என்ன செய்திருப்பேன்?

யோசிக்காமல் பூட்டியிருப்பேன். அதுதான் உறுத்துகிறது.