வாலாஜாப்பேட்டை விளக்கு

ஒரு காலத்தில் நம் வீட்டுக் கல்யாணங்களில் எவர்சில்வர் பாத்திரங்களோடும் குத்துவிளக்குகளோடும் மு. வரதராசனின் நாவல் ஒன்றும் தவறாமல் வந்து சேரும். மணமக்கள் படித்தார்களோ இல்லையோ, கொடுத்தவருக்கு ஒரு திருப்தி. பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இதே கதைதான். பரிசுப் புத்தகத்துக்கு என்று ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அது நல்ல புத்தகம் என்று எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அப்புறம் அதைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை. 1958இல் வெளிவந்து 1961இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’க்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. போதாக்குறைக்கு, இலக்கிய ரசனை உள்ளவர்கள் என்று தங்களை எண்ணிக்கொண்ட சிலர், இது நாவலே அல்ல, நீண்ட அறிவுரை என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டார்கள். புகழ்ந்தவர்களும் ஒதுக்கியவர்களும் படிக்காமல் இருப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

நான் தோல் சீமைக்காரன். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில், பதனிடும் தோலின் வாடை காற்றில் இருந்தால்தான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று நம்புகிற ஜாதி. எனவே வாலாஜாப்பேட்டையில் நடக்கும் இந்த நாவலின் மேல் எனக்கு ஓர் உரிமைப் பாசம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மு.வ.வும் இந்தப் பக்கத்து மனிதர்தான். 1912இல் பிறந்தவர், வாலாஜாவை அடுத்த வேலம் அவர் குடும்பத்தின் ஊர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராகவும், பிறகு பள்ளியில் தமிழாசிரியராகவும் இருந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். சொந்த ஊரைப் பற்றி எழுதும்போது அவருடைய நடையில் ஒரு ஈரம் வருகிறது. மற்ற நாவல்களில் அதை நான் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

கதை இரண்டு நண்பர்களைப் பற்றியது. பெருங்காஞ்சி என்ற கிராமத்திலிருந்து வாலாஜாவுக்குப் படிக்க வருகிறான் சந்திரன். அழகன், கெட்டிக்காரன், எல்லாருக்கும் செல்லப் பிள்ளை. அவனோடு சேர்ந்து வளர்கிற வேலய்யன்தான் கதையைச் சொல்கிறவன். அவனிடம் பிரமாதமாக எதுவும் கிடையாது. பெயரிலேயே ஆசிரியர் ஒரு சூட்சுமத்தை வைத்துவிட்டார்: ஒருவன் ஊரே அண்ணாந்து பார்க்கும் நிலா, மற்றவன் வீட்டு மாடத்தில் இருக்கிற மண் விளக்கு. நிலா தேயும் என்பது சொல்லாமலே விளங்கும். இது கொஞ்சம் அப்பட்டமான ஏற்பாடு என்று வாசகர் முகம் சுளிக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் மு.வ. செய்திருக்கும் காரியம் அப்பட்டமானது அல்ல.

சென்னையில் கல்லூரி நாட்களில் இமாவதி என்ற பெண் சந்திரனோடு பழகுகிறாள். கூச்சமில்லாமல் பேசுகிறாள், சிரிக்கிறாள், அண்ணன் தம்பியிடம் இருப்பதுபோல் இருக்கிறாள். அவன் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் என்று தெரிந்ததும், யாரிடமும் சொல்லாமல் காணாமல் போய்விடுகிறான். 1958இல் தமிழில் எழுதிய வேறு யார் கையில் இந்தக் கதை கிடைத்திருந்தாலும் பழி இமாவதியின் தலையில்தான் விழுந்திருக்கும். ‘ஆண்பிள்ளையோடு சிரித்துப் பேசினால் இப்படித்தான்’ என்று ஒரு பாட்டி பாத்திரத்தை விட்டாவது சொல்லவைத்திருப்பார்கள். மு.வ. அதைச் செய்யவில்லை. அவள் பழகியது சரி, அவன் புரிந்துகொண்டதுதான் பிசகு என்று கதையைத் திடமாக நிறுத்துகிறார். அறிவுரை சொல்கிறார் என்று குறை கூறுகிறோமே, இந்த ஓர் இடத்துக்காகவாவது அந்த மனிதரின் நேர்மையை மெச்ச வேண்டும்.

சந்திரனின் வியாதி என்ன என்று கேட்டால், ‘ஒழுக்கக் கேடு’ என்று பரிசு வாங்கிய மாணவன் பதில் எழுதுவான். மார்க்கும் கிடைக்கும். நாவலை நிதானமாகப் படித்தால் வேறு பதில் தெரிகிறது. சந்திரனால் வெட்கத்தைத் தாங்க முடியாது. நாலு பேர் முன்னால் தான் தவறாக நினைத்துவிட்டோம் என்று நின்று பழக்கமில்லை. சின்ன வயது முதல் ஜெயித்தே பழகியவனுக்கு, தோற்றுப்போன இடத்தில் அடுத்த நாளும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. ஆகவே ஓடுகிறான். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போய் ஒளிகிறான். கண்டுபிடித்து அழைத்துவருகிறார்கள், கல்யாணம் செய்துவைக்கிறார்கள், அதுவும் நிலைக்கவில்லை. கெட்ட பழக்கங்கள் எல்லாம் இந்த ஓட்டத்தில் வழியில் சேர்ந்துகொண்டவை.

வேலய்யனோ பின்தங்குகிறான், வருந்துகிறான், ஆனால் இருந்த இடத்தில் இருக்கிறான். சந்திரனைப் பார்த்துத் தன்னைக் குறைவாக எண்ணிக்கொண்ட நாட்களையும் அவனே நம்மிடம் சொல்கிறான். தைரியம் என்றால் புலியை எதிர்ப்பது என்று நினைக்கும் வயதில் இருக்கிற பையனுக்கு, வெட்கப்பட்ட இடத்தை விட்டுப் போகாமல் இருப்பதும் ஒரு தைரியம் என்று காட்டிய தமிழ் நாவல் இது. மாலன் என்று இன்னொரு நண்பன் வருகிறான்; சோதிடம், குறுக்கு வழி, அதிர்ஷ்டம் என்று அலைகிறவன். அவன் பகுதியில் மு.வ. பேராசிரியராகிவிடுகிறார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினால் நஷ்டமில்லை.

இந்த நாவல் வந்து இரண்டு வருஷம் கழித்து, 1960இல், அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ என்ற பெண்மணியின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ வெளிவந்தது. அதுவும் ஒரு சிறிய ஊர், அதுவும் குழந்தைகள் வளர்கிற கதை, அதுவும் லட்சக்கணக்கில் பள்ளிப் பிள்ளைகளின் கையில் திணிக்கப்பட்ட புத்தகம். அங்கே ஒரு வக்கீல், பொய்க் குற்றம் சாட்டப்பட்ட நீக்ரோ ஒருவனுக்காக, தோற்போம் என்று தெரிந்தே கோர்ட்டில் நிற்கிறார். அவர் மகள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்கிறாள். வாலாஜாவில் அப்படி ஒரு கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. வேலய்யன் யாருக்காகவும் ஊரை எதிர்க்க வேண்டி வருவதில்லை. அவன் விளக்கு வீட்டுக்குள் எரிகிறது, தெருவுக்கு எட்டுவதில்லை.

இது வேறு ஊர்க்காரனுக்குச் சின்னக் குறை. எங்களுக்கு அப்படியல்ல. பாலாற்றங்கரையில் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தபோது, வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் ஒன்று 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. எதிர்த்து நின்றது யாரை? அடுத்த தெருவுக்குச் சோறு போடுகிற தொழிலை. மாமனோ மச்சானோ அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்துகொண்டிருப்பான். அப்படிப்பட்ட இடத்தில் ‘நான் யோக்கியமாக இருந்தேன்’ என்பது பாதிப் பதில்தான். வேலய்யனிடம் மீதிப் பாதியைக் கேட்க எனக்கு வாய் ஊறுகிறது. அவனைப் படைத்தவர் அதைக் கேட்கவில்லை.

ஆனால் நாவலோடு எனக்குள்ள பெரிய சண்டை இதுவல்ல. சந்திரனின் முடிவைப் பற்றியது.

ஓடி ஓடிக் களைத்த சந்திரனுக்குத் தொழுநோய் வருகிறது. நோயோடு திரும்பி வந்து, நண்பனிடம் மனம் திறந்து பேசி, இறந்துபோகிறான். கதையின் போக்கில் அந்த நோய் கெட்ட வாழ்வின் கூலியாகவே வந்து நிற்கிறது. ‘ரத்தக்கண்ணீர்’ படம் வந்தது 1954இல். அதில் எம். ஆர். ராதா வாழ்ந்த வாழ்க்கைக்கும் இதே கூலிதான். அந்தக் காலத்துத் தமிழ்நாடு முழுவதும் அப்படி நம்பிற்று என்று மு.வ.வுக்கு வக்காலத்து வாங்கலாம். நான் வாங்க மாட்டேன். ஏனென்றால் வாலாஜாவிலிருந்து வேலூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் பால் பிராண்ட் என்ற எலும்பு மருத்துவர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்ததை அவர் நம்பவில்லை. நோய் நரம்பைத் தாக்குகிறது, அதனால் கைகாலில் வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாதவன் நெருப்பைத் தொட்டும் ஆணியை மிதித்தும் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான் என்று கண்டார். இரவில் எலி விரலைக் கடித்தாலும் நோயாளிக்குத் தெரியவில்லை; ஆகவே வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்களாம். 1948இல் மடங்கிப்போன ஒரு கையைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்கள். 1955இல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. டாப்சோன் மாத்திரை அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. மரத்துப்போன பாதங்களுக்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரை அடியில் வைத்துச் செருப்பு செய்ததும் இங்கேதான். உலகத்துக்கெல்லாம் ஜோடு தைத்து அனுப்பும் இந்தச் சீமை செய்த செருப்புகளில் அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு வயிற்றெரிச்சலாக இருப்பது இங்கேதான். வாழ்நாள் முழுவதும் வலிக்குப் பயந்து ஓடிய ஒருவன். அவனுக்கு வந்த நோயோ வலியையே எடுத்துவிடுகிற நோய். இப்படி ஒரு பொருத்தம் எந்த நாவலாசிரியனுக்கும் சுலபத்தில் வாய்க்காது. இமாவதிக்கு நியாயம் வழங்கத் தெரிந்த கை, வெட்கத்தின் சுபாவத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண், கடைசி அத்தியாயங்களில் அயர்ந்துவிட்டது. ஊர் என்ன நம்பிற்றோ அதையே எழுதிவிட்டது. தொழுநோய் நடத்தையால் வருவதல்ல, கிருமியால் வருவது, மருந்தில் குணமாவது. ஆனாலும் அது விவாகரத்துக்கு ஒரு காரணமாக நம் சட்டப் புத்தகத்தில் 2019 வரை இருந்தது. பரிசாகக் கொடுத்த புத்தகங்களுக்கும் பார்த்து அழுத படங்களுக்கும் அதில் ஒரு சிறு பங்காவது இராதா?

இவ்வளவும் சொன்ன பிறகும், பத்தாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த நாவலைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். முழுக்கப் படித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். வேலய்யனை அது விரும்பும், அல்லது சலித்துக்கொள்ளும்; இரண்டும் நல்லதே. சந்திரனை எல்லாருக்கும் பிடித்துவிடும். அவன் செத்துத்தான் தீர வேண்டுமா என்று அது கேட்டால், 1958இல் வாலாஜாவிலிருந்து வேலூருக்குப் பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லுங்கள்.