ஏழு திணைக்கு வெளியே

தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பிரிக்கிறது. நடுவில் ஐந்திணை. ஒரு பக்கம் ஒருதலைக் காமமான கைக்கிளை, இன்னொரு பக்கம் பொருந்தாக் காமமான பெருந்திணை. காமம் கூடலாம், பிரியலாம், ஊடலாம், ஒருவரிடம் மட்டும் இருக்கலாம், முறை மீறியும் பொங்கலாம். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. காமமே தோன்றாதவருக்கு மட்டும் இடமில்லை. இதை இலக்கணத்தின் குறையாக நான் சொல்லவில்லை. அகத்திணையின் பேசுபொருளே காமம்தான். ஆனால் 'அகம்' என்ற அதே சொல்லை நாம் மனசுக்கும் வைத்துக்கொண்டோம். காமம் இல்லாதவருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்ற எண்ணம் இங்கே சுலபமாக வந்துவிடுகிறது.

ஏசெக்சுவல் என்பவர் யார்? எவர்மீதும் பாலீர்ப்பு தோன்றாத, அல்லது மிக அரிதாகவே தோன்றுகிற இயல்பு கொண்டவர். பிரம்மச்சரியம் வேறு, அது இருக்கிற ஆசையை விலக்கி வைக்கும் முடிவு. ஆண்மைக் குறைவும் வேறு. இவர்களுக்கு அன்பு உண்டு, நட்பு உண்டு, சிலருக்குக் காதல்கூட உண்டு. 2004இல் ஆந்தனி போகர்ட் பிரிட்டனில் 18,000க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை ஆராய்ந்தபோது, சுமார் 1 சதவீதம் பேர் தங்களுக்கு யார்மீதும் ஈர்ப்பு வந்ததே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தன்னை ஏசெக்சுவல் என்று அறிந்துகொண்டவருக்கு ஆசைக் குறைபாடு என்று நோய்ப்பெயர் சூட்டக் கூடாது என்றது.

மேட்டூரில் எனக்கு முப்பது தாண்டியதும் இந்த விஷயம் மூன்று கேள்விகளாக வந்தது. அத்தை கேட்டார்: "யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கியா கண்ணு? சொல்லு, பேசிக்கலாம்." இல்லைங்க அத்தை என்றேன். "ஒடம்புக்கு ஏதாச்சும் தொந்தரவா?" அதுவும் இல்லை. "அப்பறம் என்ன, சாமியாராப் போகப்போறியா?" அவர் கேட்டது பாசத்தில்தான். காதல் தோல்வி, நோய், துறவு என்று தனக்குத் தெரிந்த மூன்று கதவுகளையும் தட்டிப் பார்த்தார். நம் இலக்கியத்திடம் போய்க் கேட்டாலும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான் காட்டுகிறது.

ஔவையார் கதையை எடுத்துக்கொள்வோம். கல்யாணம் வேண்டாம் என்ற இளம்பெண் பிள்ளையாரிடம் முதுமையை வரமாக வாங்குகிறாள். 1953இல் வந்த ஜெமினியின் 'ஔவையார்' படம் வழியாக இந்தக் கதை வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. காரைக்கால் அம்மையாரின் கதை வேறு மாதிரி. சேக்கிழார் காட்டும் புனிதவதி நல்ல இல்லறம் நடத்தியவர். ஆசை இல்லாதவர் என்று சொல்ல அங்கே ஆதாரம் கிடையாது. கணவன் அஞ்சி விலகி, வேறு மணம் செய்து, கடைசியில் அவர் காலில் விழுந்த பிறகுதான் தசையை உதறிப் பேயுரு கேட்கிறார். இரண்டிலும் எனக்குப் படுவது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு வெளியே நிற்க ஒரு பெண் தன் இளமையையோ உடம்பையோ விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெறுமனே "எனக்கு வேண்டாம்" என்பது போதவில்லை.

நவீன இலக்கியம் இதை மாற்றியதா? அது ஒழுக்கத்தின் பூட்டை உடைத்தது, சரி. உடைத்த சாவி ஆசை. அதனால் ஆசை என்றால் விடுதலை, ஆசையின்மை என்றால் அடக்குமுறை என்று வாசிக்கப் பழகிவிட்டோம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' அந்தப் பழக்கத்துக்கு நல்ல சோதனை. பல வருஷம் யமுனாவை நினைத்து உருகிய பாபு கடைசியில் அவளை அடைகிறான். பிறகு யமுனா கேட்பது, இத்தனையும் இதற்காகத்தானா என்ற பொருளில் ஒரு சின்னக் கேள்வி. அதை பாபுவின் மோகத்துக்கான முடிவுரையாகவே வாசித்து வந்திருக்கிறோம். யமுனாவுக்கு அது என்னவாக இருந்தது? அவள் ஏசெக்சுவல் என்று நான் முத்திரை குத்தவில்லை. நாவலில் அதற்குப் போதுமான சான்று இல்லை. ஆனால் அவளுடைய பக்கத்திலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கவே நம்மிடம் சொல் இல்லாமல் இருந்தது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நடக்கும் திருச்செங்கோடு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். காளிக்கும் பொன்னாவுக்கும் ஆசைக்குக் குறைவே இல்லை, குழந்தைதான் இல்லை. ஊர் அந்த ஆசையைச் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை. அது கேட்பது வாரிசு. இந்த நாவல் எனக்குச் சொன்னது இதுதான்: இந்த மண்ணில் ஆசை இருக்கிறதா என்று கல்யாணத்துக்கு முன்னும் யாரும் கேட்பதில்லை, பின்னும் கேட்பதில்லை. அதனால்தான் ஆசை தோன்றாத ஒருவர் வெளியே தெரியாமலே மணவறையில் உட்காரவைக்கப்படுகிறார்.

அதற்குப் பிறகு வருவது இரண்டு பேரின் துன்பம். உடல் தகுதி இருந்தும் தக்க காரணமில்லாமல் நீண்ட காலம் உறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காத்திருந்த துணையின் வலி நிஜம். ஆனால் "எனக்கு அப்படித் தோன்றுவதில்லை" என்று பெண் பார்க்கும் நாளிலேயே சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் அந்த வழக்குகளில் சிலவாவது கோர்ட்டுக்கே வந்திருக்காது.

எங்கள் ஊர் அணையின் நீர்மட்டம் தினம் செய்தியில் வரும். முழு அளவு 120 அடி. அதற்குக் கீழே எதுவானாலும் குறைதான். காமத்தையும் இப்படியே அளக்கிறோம். சிலப்பதிகாரம்கூடப் பாலையைத் தனி நிலமாகப் பார்க்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து வறண்டதுதான் பாலை என்கிறது. வறண்டுபோன நிலத்துக்கும் முதலிலிருந்தே வேறாக இருக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் உண்டு. அதைப் பிரித்துக் காட்டும் தமிழ் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். அது வரும்வரை, இருப்பதையே வேறு மாதிரி வாசிக்கலாம். அடுத்தமுறை 'மோகமுள்'ளை எடுத்தால் பாபுவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, யமுனாவின் அந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாருங்கள்.