வீழ்ந்த சம்பியனும் எழுச்சி உபதேசமும்

குத்துச்சண்டையைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் பதுளையிலும் பசறையிலும் ஹாலி-எலயிலும் தோட்டப்புறப் பாடசாலைகளில் கற்பிக்கும் நாம், சம்பியன் ஒருவன் வீழ்ந்து மீண்டெழும் கதையை எத்தனை முறை மேடையேறிச் சொல்லியிருக்கிறோம்! பரிசளிப்பு விழா அது இல்லாமல் முடிவதில்லை. "முகம்மது அலி விழவில்லையா? எழவில்லையா? நீங்களும் எழுங்கள்" என்போம். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிப்போய், கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போகப் பெட்டி கட்டிவிட்ட பையனும் கைதட்டுவான். அந்தக் கைதட்டல் இப்போது நம்மை உறுத்துகிறது. ஆகவே அந்தக் கதையையே விமர்சனக் கண்கொண்டு பார்ப்பது என்று துணிந்தோம்.

தமிழில் இக்கதையின் சிறந்த வடிவம் 2021 ஜூலையில் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' என்னும் திரைப்படம். 1975ஆம் ஆண்டின் வடசென்னை அதன் களம். நம் மாணவர்கள் அதைக் கைபேசியில் பகுதி பகுதியாகப் பார்த்து, வசனங்களை மனப்பாடமே செய்துவிட்டார்கள். படத்தின் முற்பாதியைத் தமிழ்த் திரையுலகின் அரிய சாதனை என்றே சொல்வோம். கபிலன் வெல்லப்போகும் தருணத்தில் நாட்டின் அரசியல் மேடைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. ரங்கன் வாத்தியார் கைதாகிறார். பாய்ந்து வந்தவர்கள் கபிலனின் ஆடையை உருவி, ஊர் பார்க்க அவனை அவமானப்படுத்துகிறார்கள். அவனை வீழ்த்தியது எதிராளியின் முட்டியன்று. சாதியும் அதிகாரமும் கைகோத்து அவன் வெற்றியைப் பறித்தன. தோல்விக்கு இப்படியொரு சமூக விளக்கத்தை எந்தக் குத்துச்சண்டைப் படத்திலும் நாம் கண்டதில்லை.

பிற்பாதியில் என்ன நிகழ்கிறது? கபிலன் குடியில் விழுகிறான், உடல் ஊதுகிறது, பின்பு கடற்கரையில் பீடி ராயப்பனிடம் பயில்கிறான், பாட்டொன்று ஒலிக்கிறது, வேம்புலியை வெல்கிறான். தோல்விக்குச் சமூகம் காரணமாயிருந்தது. மீட்சிக்கோ தனிமனிதனின் மனவுறுதி ஒன்றே போதுமென்று ஆகிவிடுகிறது. பறித்தவர்கள் யார் என்ற கேள்வி கடல் மணலில் புதைந்துபோகிறது. இது ரஞ்சித் ஒருவரின் குறையன்று. அந்தக் கதைவடிவமே அப்படித்தான் கேட்கிறது. அவ்வடிவத்துக்கு முதலீடு செய்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

அலியின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்தால் வேறொரு பாடம் தெரியும். அவருடைய முதற்பெருந்தோல்வி மேடையில் நேர்ந்ததே அன்று. வியட்நாம் யுத்தத்துக்காகப் படையில் சேர மாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறுத்தார். அதற்காக அவருடைய பட்டமும் அனுமதிப் பத்திரமும் பறிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டுகளின் பின் அட்லாண்டாவில் அவர் மீண்டும் மேடையேறினார் என்றால், அந்நகரின் கறுப்பின மக்கள் திரட்டியிருந்த அரசியல் பலமும், நாடெங்கும் பரவிய யுத்த எதிர்ப்பும் அவருக்காகக் கதவைத் திறந்தன. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியரிடம் அவர் புள்ளிகளால் தோற்றார். ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. இந்த மீட்சியில் ஒரு மக்கள் இயக்கத்தின் தோள் இருந்தது. பரிசளிப்பு மேடையில் நாம் அந்தத் தோளைப் பற்றி வாய் திறந்ததில்லை.

1978இல் நடந்தது வேறு. அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள், அதுவரை ஏழே ஏழு தொழில்முறைப் போட்டிகளில் இறங்கியிருந்த லியோன் ஸ்பிங்ஸ் என்னும் 24 வயது இளைஞரிடம், 36 வயது அலி 15 சுற்றுகள் ஆடித் தம் அதிபார எடைப் பட்டத்தை இழந்தார். உலகம் திகைத்தது. அவருடைய மருத்துவர் பச்சேகோ திகைத்திருக்க மாட்டார். சிறுநீரகம் பழுதுபடுவதைக் காட்டும் ஆய்வறிக்கையை அனுப்பி, ஓய்வு பெறச் சொல்லி, கேட்பாரில்லாமல் 1977இலேயே விலகியவர் அவர். செப்டெம்பர் 15ஆம் நாள் நியூ ஓர்லியன்ஸில் அதே ஸ்பிங்ஸை வென்று, அப்பட்டத்தை மூன்று முறை வென்ற முதல் மனிதரானார் அலி. நாமும் களித்தோம், இன்றும் அந்த வெற்றியைத்தான் மேடைகளில் சொல்கிறோம். ஆனால் அந்த அழகிய வெற்றியே அவருக்குத் தீங்காய் முடிந்தது என்பது நம் கருத்து. ஒரு முறை எழுந்தவன் எத்தனை முறையும் எழுவான் என்று அவரும் நம்பினார். அவரால் பிழைத்தவர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1979இல் ஓய்வை அறிவித்த அலி, 1980இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரையினர் இன்றும் அந்நாளைப் பேசிப் பூரிப்பார்கள். விளையாட்டு அங்கேயே நின்றிருக்கலாம். அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், தம்மோடு முன்பு பயிற்சியாடிய லரி ஹோம்ஸை எதிர்த்து அவர் மீண்டும் மேடையேறினார். தைரொயிட் மருந்தால் உடலைக் கரைத்து, 217 இறாத்தலுக்கு வந்திருந்தார். தராசும் கண்ணாடியும் பழைய அலியைக் காட்டின. உள்ளே உயிர்ச்சத்து வற்றியிருந்தது. பத்தாம் சுற்றின் பின் பயிற்சியாளர் அஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். பேசிய 8 மில்லியன் டொலரிலும் ஏற்பாட்டாளர் ஒரு மில்லியனுக்கு மேல் கழித்துக்கொண்டே கொடுத்தார். 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது.

கழித்துக்கொண்டே கொடுத்தார் என்று எழுதும்போது நம் கை நின்றுவிடுகிறது. ஊவா மலைகளில் இதை விளக்கவேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கின் எடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழிப்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் நம் மாணவர்களின் தாய்மார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அந்தத் தராசு கொழுந்தை நிறுக்கும், கொய்தவளை நிறுப்பதில்லை. 1974இல் கின்ஷாசாவில் அலியும் ஃபோர்மனும் ஆளுக்கு 5 மில்லியன் டொலருக்கு மோதினார்கள். மொபுட்டுவின் அரசு அதற்குப் பொறுப்பேற்றது. அதே காலத்தில் நம் தோட்டக் குடும்பங்கள் பஞ்சத்தால் நகரத் தெருக்களில் கையேந்தின. பஞ்சம் போய்விட்டது என்போருக்கு ஒரு கணக்கு: 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். ஊவாவிலிருந்து அதிபார எடைச் சம்பியன் ஒருவன் எழுவானா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.

மாணவர்களுக்குச் சொல்ல வேறு தோல்விக் கதையே நம்மிடம் இல்லையா? பதுளைக்கு அருகே வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இல் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கலந்தே முடிவெடுக்கத் துரையை இணங்கவைத்தார்கள். அவர்களை அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து ஆயுதங்களையே பறித்தார்கள். அதன்பின் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த எழுச்சியை ஒடுக்கின. அதில் சம்பியன் யாரும் இல்லை; பின்னணியில் பாட்டும் இல்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அங்கே வென்றதும் தோற்றதும் ஒரு தோட்டம் முழுவதும்.

'சார்பட்டா'வை நம் வகுப்பில் பேசவைத்தோம். வழக்கம்போல் டான்சிங் ரோஸின் ஆட்டத்தைப் பற்றியே பையன்கள் ஆரவாரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, அன்று மலைக்குப் போயிருந்த தாயின் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நேரஞ்சென்று வந்தவள், மெல்ல எழுந்தாள்.

"சேர், கபிலன் கடற்கரையில ஓடித்திரிஞ்ச நாளெல்லாம், அந்த வூட்டுல யாருக்குப் பேர் விழுந்திச்சி?"

அன்றிரவு படத்தின் அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தோம். மாரியம்மாளும் பாக்கியமும் வருகிறார்கள், அழுகிறார்கள், ஏசுகிறார்கள். அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்லப் படத்துக்கு நேரமில்லை.